மறுபெயரிடு: ஒரு பொத்தானில் இரண்டு பிழை

பெரியம்மா வீட்டு வைஃபைக்குப் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரூட்டரோடு வந்த பெயர், ஒரு கம்பெனிப் பெயரும் அதன் வாலில் நாலைந்து எண்ணும் எழுத்துமாக, யாருக்கும் வாயில் நுழையாது. ஒரு நாள் ரூட்டருக்கான செயலியைத் தன் போனில் தானே திறந்துவிட்டு என்னை அழைத்தார். செயலி தமிழில் இருந்தது. அதுவே வினை.

"மறுபெயரிடுன்னு போட்டிருக்கு. அமுக்கட்டுமா?"

"அதுதான் பெரியம்மா. அமுக்குங்க."

'எங்கள் வீடு' என்று எழுதிச் சேமித்தார். பத்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு. டிவி நின்றுவிட்டது, பெரியப்பாவின் டேப்லெட் இணைய மறுக்கிறது, பெரியம்மாவின் போனிலேயே நெட் இல்லை. பெயரை மாற்றினால் அப்படித்தான், ஒவ்வொன்றிலும் புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போட வேண்டும் என்றேன்.

"நான் எங்கப்பா மாத்தினேன்? மறுபெயர்தானே வச்சேன். பழைய பேரும் இருக்கும்னுல்ல நினைச்சேன்!"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் தமிழ்ப்படி அவர் சொன்னதுதான் சரி. இந்தச் சொல்லைக் கணினியிலும் போனிலும் பல வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டதால், அது தவறு என்பது எனக்கே உறைக்காமல் போயிருந்தது.

முதலில் சொல்லைப் பிரித்துவிடுவோம். மறு + பெயர் + இடு. 'மறு' என்பதற்கு மற்றொன்று என்று பொருள்: மறுகரை, மறுபக்கம். அடுத்தது என்று பொருள்: மறுநாள், மறுவாரம். திரும்பவும் என்று பொருள்: மறுபடி, மறுபதிப்பு. உடம்பிலுள்ள மறுவும், 'வேண்டாம்' என்று மறுப்பதும் இங்கே தேவையில்லை. 'இடு' என்றால் வை. இவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'ரீநேம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'ரீ' என்றால் மறு, 'நேம்' என்றால் பெயரிடு என்று யாரோ இரண்டு துண்டையும் தனித்தனியாகப் பெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர் ஒரு நிமிடம் நின்று, 'மறுபெயர்' என்று ஏற்கெனவே தமிழில் ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கலாம்.

மறுபெயர் என்றால் இன்னொரு பெயர். ஒருவருக்கு ஒரு பெயர் இருக்க, அதோடு கூடவே வழங்கும் வேறு பெயர். 'பொறுமைக்கு மறுபெயர் பூமி' என்கிறோம். அப்படிச் சொன்னதும் பொறுமைக்குப் பொறுமை என்ற பெயர் போய்விடுவதில்லை. இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்பதுதான் அந்தப் பேச்சின் சாரமே. பள்ளிக்கூடத்தில் 'ஞாயிற்றின் மறுபெயர்களை எழுதுக' என்றால் கதிரவன், பகலவன், பரிதி என்று எழுதினோமே தவிர, ஞாயிறு இனி ஞாயிறு இல்லை என்று யாரும் முடிவுகட்டவில்லை. மறுபெயர் வைத்தால் பழைய பெயர் நிலைக்கும். பெயர் மாற்றினால் பழைய பெயர் போகும். இரண்டும் வேறு வேறு செயல். தமிழில் இவற்றுக்கு வேறு வேறு சொல் இருந்தும், போன் திரையில் ஒன்றை எழுதி மற்றதைச் செய்கிறார்கள்.

'பெயர் மாற்று' என்பது நான் உருவாக்கும் சொல் அல்ல. ஆள் தன் பெயரை மாற்றிக்கொண்டால் அரசிதழில் 'பெயர் மாற்றம்' என்றுதான் வெளியாகிறது. 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14 முதல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனதே, அதையும் பெயர் மாற்றம் என்றுதான் சொல்கிறோம். தமிழ்நாடு மறுபெயரிடப்பட்டது என்று யாராவது மேடையில் பேசினால் கூட்டம் சிரிக்கும். ஊருக்கும் மாநிலத்துக்கும் ஆளுக்கும் பொருந்தும் சொல், ஒரு வைஃபைக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

இரண்டாவது பிழை இலக்கணத்தில் இருக்கிறது. இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பெயரிடுதல் நான்காம் வேற்றுமையை வேண்டும் வினை. குழந்தைக்குப் பெயரிடுகிறோம். யாரும் 'குழந்தையைப் பெயரிட்டோம்' என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் திரையில் 'பிணையத்தை மறுபெயரிடு' (பிணையம் என்றால் நெட்வொர்க்), 'சாதனத்தை மறுபெயரிடு' என்று 'ஐ' உருபு வெட்கமில்லாமல் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் செயப்படுபொருள் அங்கே நேராக வருவதால் இங்கேயும் இரண்டாம் வேற்றுமை ஏறிவிட்டது. கணினியில் இதைவிட வேடிக்கை உண்டு: 'கோப்பை மறுபெயரிடு'. கோப்பு என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால் கோப்பை. முதல் முறை அதைப் படித்தபோது, எந்தக் கோப்பை, தேநீர்க் கோப்பையா, உலகக் கோப்பையா என்று நான் உண்மையாகவே ஒரு நொடி விழித்தேன். 'கோப்பின் பெயரை மாற்று' என்று எழுதியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களிடம் நான் பல முறை வாதாடியிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் ஒன்றிரண்டு ஞாயமும் இருக்கிறது. மறுமணம் என்கிறோமே, மறுபிறவி என்கிறோமே, அங்கெல்லாம் பழையது முடிந்துபோன பிறகுதானே புதியது வருகிறது என்று கேட்கிறார்கள். மறுபிறவி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். முந்திய பிறவி முடிந்தால்தான் அடுத்தது. ஆகவே 'மறு' என்ற முன்னொட்டை மட்டும் வைத்துக்கொண்டு பழையது இருக்கிறதா போய்விட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. மறுபதிப்பு வந்தால் முதல் பதிப்பு அலமாரியில் அப்படியே இருக்கும். மறுபிறவியில் பழைய உடம்பு இருக்காது. சரி. ஆனால் என் வழக்கு 'மறு' மீது அல்ல, 'மறுபெயர்' மீது. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் இன்னொருவரை உட்காரவைக்காதீர்கள் என்கிறேன்.

இன்னொரு வாதம் இடம். பொத்தான் சின்னது, ஒரே சொல்லாக வேண்டும், 'பெயர் மாற்று' நீளம் என்பார்கள். எண்ணிப் பார்த்தேன். மறுபெயரிடு: ம, று, பெ, ய, ரி, டு. ஆறு எழுத்து. பெயர் மாற்று: பெ, ய, ர், மா, ற், று. அதுவும் ஆறுதான். நடுவில் ஓர் இடைவெளி அதிகம், அதுகூட வேண்டாமென்றால் சேர்த்தே எழுதுங்கள், குடி முழுகாது.

மூன்றாவதாகச் சொல்வது, 'எல்லோரும் பழகிவிட்டார்கள்'. யார் பழகினார்கள்? ஆங்கிலத்தில் 'ரீநேம்' என்று முன்பே பார்த்தவர்கள் பழகினோம். தமிழைப் படித்து, மனதுக்குள் ஆங்கிலமாக்கி, புரிந்துகொள்கிறோம். பெரியம்மா நேராகத் தமிழைப் படித்தார், மாட்டிக்கொண்டார். யாருக்காகத் தமிழில் போட்டார்களோ அவருக்கு மட்டும் புரியாத தமிழ் எதற்கு?

வைஃபை விஷயத்தில் இந்தத் தவறு வெறும் சொல் தகராறாக நின்றுவிடுவதில்லை. அங்கே பெயர்தான் எல்லாம். ரூட்டர் தன் பெயரை ஒரு நொடிக்குச் சுமார் பத்துத் தடவை காற்றில் கூவிக்கொண்டே இருக்கிறது. போன் அந்தப் பெயரைக் கேட்டு, தன் நினைவிலுள்ள பட்டியலில் பார்த்து, 'இது நம்ம வீடு' என்று ஒட்டிக்கொள்கிறது. பெயரை மாற்றிய நொடியில் பழைய கூவல் நின்றுபோகும். பாஸ்வேர்டு அதேதான் என்றாலும் போனுக்கு அது முன்பின் தெரியாத புது வீடு. பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் இன்னும் ஒரு படி ஆழம்: பாஸ்வேர்டையும் பிணையப் பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்துத்தான் உண்மையான சாவி வார்க்கப்படுகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சாவியே வேறு. ஆகவே இது பெயர்ப்பலகையை மாற்றுவது போன்ற வேலை இல்லை. பூட்டும் சேர்ந்து மாறுகிறது. இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல உபாயம் கிடைக்கும். ரூட்டரையே புதிதாக மாற்றினால், புதியதற்கும் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு வகை வைத்துவிடுங்கள். பெரும்பாலும் வீட்டிலுள்ள சாதனங்கள் எதையும் தொடவே வேண்டாம்.

மறுபெயர் என்ற சொல்லுக்கு அதே ரூட்டரில் நியாயமான இடமும் உண்டு. விருந்தினர் பிணையம் என்று ஒன்றைச் சேர்க்கலாம். அப்போது ஒரே பெட்டி இரண்டு பெயரில் கூவும், பழையதும் நிற்கும், புதியதும் வரும். பெரியம்மா மனதில் இருந்த படம் அதுதான். ஆனால் அந்தப் பொத்தானில் மறுபெயர் என்ற சொல்லே கிடையாது!

பிணையப் பெயர் என்றேன். அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது, சுருக்கமாக முடிக்கிறேன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு எஸ்எஸ்ஐடி என்று பெயர். வைஃபைக்கு அடிப்படையாக 1997இல் வந்த 802.11 என்ற தொழில்நுட்பத் தரத்தில் உள்ள சொல். இதைச் 'சேவைத் தொகுப்பு அடையாளங்காட்டி' என்று தமிழாக்கியிருப்பதைப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் தவறில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, அங்கே தன் வீட்டு வைஃபையின் பெயரை எழுத வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்? ஆங்கிலத்திலேயே பல போன்கள் அந்தச் சொல்லைக் கைகழுவிவிட்டு 'நெட்வொர்க் பெயர்' என்ற பொருளில்தான் எழுதுகின்றன. பிணையப் பெயர் போதும். 'வைஃபை பெயர்' என்றாலும் எனக்குச் சம்மதம். வைஃபை என்பதற்கு அருகலை என்று அழகான சொல் இருக்கிறது, அருகு + அலை. தனித்தமிழ் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், பயன்படுத்துங்கள். ஆனால் வைஃபை 1999இல் வணிகப் பெயர்களை உருவாக்கித் தரும் ஒரு நிறுவனம் உண்டாக்கிக் கொடுத்த பெயர். ஒலிக்கருவிகளுக்கு வழங்கும் ஹைஃபை என்ற சொல்லோடு ஓசை ஒத்துப் போகட்டும் என்று வைத்ததே தவிர, எதன் சுருக்கமும் அல்ல. நம் இலக்கணத்தில் இதற்கு இடுகுறிப் பெயர் என்று வகையே இருக்கிறது. இடுகுறிப் பெயரை மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். 'மறுபெயரிடு' என்பதில் அந்நிய எழுத்து ஒன்றுகூட இல்லை, சுத்தத் தமிழ். புரியாமல் போனது அதுதான்.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல்லையும் சொல்லாமல் விட முடியவில்லை: மீட்டமை. அமைப்புகளை எல்லாம் அழித்துப் பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்குக் கொண்டுபோகும் 'ரீசெட்' பொத்தானுக்கு இந்தப் பெயர். மீட்டல் என்றால் போனதைத் திரும்பப் பெறுவது. அடகு வைத்ததை மீட்கிறோம். நெட் போய்விட்ட பதற்றத்தில் 'மீட்டமை' என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டால், தொலைந்த அமைப்பு திரும்ப வரும் என்று நம்பி அமுக்குபவரை எப்படிக் குறைசொல்வது? பெயர், பாஸ்வேர்டு, எல்லாம் துடைத்து எடுத்துவிடும். நல்லவேளை, பெரியம்மா அதைத் தொடவில்லை. இங்கேயும் 'ரீ'தான் வில்லன். 'ரீ' கண்டால் ஒரு மறு, அல்லது ஒரு மீள். அதற்கு மேல் யோசனை ஓடுவதில்லை. மொழிபெயர்ப்பவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. திரையைக் காட்டாமல் ஒற்றைச் சொற்களை மட்டும் ஒரு பட்டியலாகக் கொடுத்து நிரப்பச் சொன்னால், அந்தப் பொத்தான் எதை அழிக்கும், எதை வைத்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று கடைசியில் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். போனில் வைஃபை பட்டியலைத் திறந்து புதுப் பெயரைத் தொட்டுப் பாஸ்வேர்டு. சேமித்த பிணையங்களில் செத்துக் கிடந்த பழைய பெயரை நீக்கினோம். பிறகு டிவி, டேப்லெட். செயலி இல்லாத ரூட்டராக இருந்தால், போனின் உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரிக்குப் போய், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டைப் போட்டு, அந்த எஸ்எஸ்ஐடி கட்டத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

'எங்கள் வீடு' மயிரிழையில் தப்பியது என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிணையப் பெயருக்கு 32 பைட்டுகள்தான் இடம், பைட்டு என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அளவு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. எங்கள் என்பதில் ஆறு குறி, வீடு என்பதில் நாலு. முப்பது. இடைவெளிக்கு ஒன்று. முப்பத்தொன்று! 'திருவள்ளுவர்' என்று வைக்க ஆசைப்பட்டால் முப்பத்தாறு, இடமில்லை. 'வள்ளுவர்' என்றால் இருபத்து நாலில் அடங்கிவிடுவார். தமிழ் எழுத்தையே ஏற்காத ரூட்டர்களும் உண்டு, அது வேறு கதை.

செயலியில் கருத்துத் தெரிவிக்க ஒரு கட்டம் இருந்தது. இவ்வளவும் எழுதவில்லை. மறுபெயர் என்றால் இன்னொரு பெயர், 'பெயரை மாற்று' என்று போடுங்கள் என்று இரண்டே வரி. அடுத்த பதிப்பு வந்ததும் பெரியம்மாவே பார்த்துச் சொன்னார், மாற்றிவிட்டார்களாம். ஆவலாகத் திறந்து பார்த்தேன். 'மறுபெயரிடவும்' என்று மரியாதையாகப் போட்டிருந்தார்கள்.