கணக்கை முடக்கிவிட்டார்களா? ரிவ்யூ பட்டனோடு நிற்காதீர்கள்

சிம் சேவை பிடிக்கவில்லையென்றால் நம்பரை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். 2011-லிருந்து நாடு முழுக்க அந்த உரிமை இருக்கிறது. சமூக ஊடகத்தில் அது இல்லை. வருஷக்கணக்காகச் சேர்த்த வாடிக்கையாளர்களை இன்னொரு செயலிக்கு அழைத்துப்போக வழியே கிடையாது. போகவும் பெரிதாக இடமில்லை. இன்ஸ்டாகிராமை 2012-லும் வாட்ஸ்அப்பை 2014-லும் ஃபேஸ்புக்கே வாங்கிவிட்டது. வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், இந்த மூன்றுக்கும் சொந்தக்காரரான மெட்டாவுக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது. நல்லதுதான். ஆனால் கணக்கு முடங்கி, ஆர்டர் நின்று தவிக்கிற புடவை வியாபாரிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவருக்குக் கைகொடுப்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு, அதாவது ஜிஏசி-க்கு, ஆன்லைனிலேயே போகலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செயலியில் வரும் ‘ரிவ்யூ’ பட்டனை அழுத்திவிட்டு, புகார் கொடுத்தாயிற்று என்று காத்திருக்கிறார்கள். அதற்கு இயந்திரம் அனுப்பும் பதிலை நம்பி மேல்முறையீட்டுக்குப் போகாதீர்கள். குழு பார்ப்பது குறைதீர் அலுவலரின் முடிவை. தளத்தின் பக்கத்தில் ‘கிரீவன்ஸ் ஆபீசர்’ என்று தேடுங்கள். எங்காவது அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். கணக்கோடு இணைத்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள். கணக்கின் பெயர், முடங்கிய தேதி, திரையில் வந்த அறிவிப்பின் படம், மூன்றும் இருக்கட்டும். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை வர வேண்டும். அந்தப் புகார் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

அலுவலரின் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மறுபடி மறுபடி அவருக்கே எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கெடு ஓடிவிடும். உங்களுக்குத்தான் இந்தக் கறார். குழுவுக்கோ, 30 நாளில் முடிக்க ‘முயல வேண்டும்’ என்று மட்டும் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

காவல் நிலையத்துக்கு அலைவதில் பயனில்லை. தளமே முடக்கிய கணக்கு அவர்கள் வேலையல்ல. கணக்கை யாரோ திருடி, உங்கள் பெயரில் பணம் கறந்தால் மட்டும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அப்புறம், கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று பணமோ ஓடிபியோ கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.