பயறு உண்டு ஓடுபவரின் இரும்புக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தொலைவு ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த எங்கள் நண்பர்களில் சிலர், புரட்டாசியில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் சைவ உணவே உண்பவர்கள். இறைச்சி இல்லாமல் 90 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஓடத் தெம்பு எங்கிருந்து வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் அவர்களிடம் கேட்பதுண்டு. கேட்பவர்களின் மனத்தில் இருப்பது புரதம். சோறு, பருப்பு, ரொட்டி, சுகர் பீன்ஸ் என்னும் பயற்றுக் கறி என்று வயிறார உண்பவருக்குப் புரதம் பெரும்பாலும் குறைவதில்லை. அவரைத் தளரச் செய்வது, மில்லிகிராம் கணக்கில் மட்டுமே தேவைப்படும் இரும்புச்சத்துதான். அதுவும் தட்டில் இல்லாமல் போவதைவிட, தட்டிலிருந்து இரத்தத்துக்குப் போகும் வழியில் தடுக்கப்படுவதே பெரிய சிக்கல்.

வளர்ந்த மனிதரின் உடலில் இருக்கும் இரும்பு மொத்தம் மூன்று, நான்கு கிராம்தான். அதில் பெரும்பகுதி, நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு பகுதி தசைகளுக்குள், இன்னொரு பகுதி ஃபெரிட்டின் என்னும் புரதக் கூட்டுக்குள் சேமிப்பாக. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழியும்போது அவற்றின் இரும்பு வீணாவதில்லை. நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வரை பிரித்தெடுக்கப்பட்டு, எலும்பு மச்சைக்குத் திரும்பி, புதிய அணுக்களில் சேர்கிறது. உணவிலிருந்து உடல் எதிர்பார்ப்பது, தோல் உதிர்வதாலும் பிற வழிகளிலும் இழக்கும் ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமை ஈடுசெய்வது மட்டுமே.

ஓடுபவருக்கு இந்த இழப்பு கூடுகிறது. பாதம் ஒவ்வொரு முறை தார்ச்சாலையில் இறங்கும்போதும் உள்ளங்காலின் நுண்குழாய்களில் ஓடும் சிவப்பணுக்களில் சில நசுங்கி உடைகின்றன. நெடுந்தூரம் நடந்த ஒரு ஜெர்மன் படைவீரரின் சிறுநீர் சிவந்திருந்ததைக் கண்டு 1881-இல் ஒரு மருத்துவர் எழுதிய குறிப்பிலிருந்து இந்த நிகழ்வு மருத்துவ உலகுக்குத் தெரியும். காலடி ஒன்றுக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், காம்ரேட்ஸ் ஓட்டத்தில் பாதங்கள் எண்பதாயிரம் முறைக்கு மேல் தரையைத் தொடும். வியர்வையில் சிறிது இரும்பு போகிறது. நீண்ட ஓட்டத்தில் இரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுவதால் குடல் சுவர் வாடி, கண்ணுக்குத் தெரியாத அளவில் கசிவும் ஏற்படலாம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கும் இழப்பின் மேல் வந்து சேருகின்றன.

இழப்பைவிடச் சுவையானது, உடல் வாசலைச் சாத்திக்கொள்ளும் விதம். குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் உணவிலிருந்து உறிஞ்சிய இரும்பை, ஃபெரோபோர்ட்டின் என்னும் ஒரே வாயில் வழியாகத்தான் இரத்தத்துக்குள் விடுகின்றன. அந்த வாயிலைப் பூட்டுவது, கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் சின்னஞ்சிறு ஹார்மோன். கிருமித் தொற்று வந்தால் கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமலிருக்க உடல் ஹெப்சிடினைக் கூட்டும். கடுமையாக ஓடிய தசைகளும், தொற்றின்போது எழும் அதே அழற்சிச் செய்திகளை இரத்தத்தில் விடுவதால், கல்லீரல் வேறுபாடு தெரியாமல் ஓட்டம் முடிந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடினை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. ஆக, ஞாயிறு காலை 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு, குளித்து, உறங்கி எழுந்து, பிற்பகல் இரண்டு மணிக்குக் கீரையும் பருப்புமாக உண்பவர், கதவு சாத்தியிருக்கும் நேரத்தில் சரக்கை இறக்குகிறார். ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள் உண்பவருக்கு அந்தக் கதவு இன்னும் திறந்தே இருக்கும். பொதுவாகவே காலையில் ஹெப்சிடின் குறைவு என்பதால் அந்த வேளை இரட்டிப்பாக வாய்ப்பானது. சேமிப்பு முற்றிலும் வற்றியவரின் உடலில் இந்தப் பூட்டு அவ்வளவு இறுக்கமாக விழுவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

இறைச்சியிலுள்ள இரும்பில் ஒரு பங்கு ஹீம் என்னும் வளையத்துக்குள் பத்திரமாக அமர்ந்திருப்பதால், உடன் உண்ணும் பொருள்கள் அதை அதிகம் பாதிப்பதில்லை. பயறு, தானியம், கீரை ஆகியவற்றின் இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை. விதைகள் தம் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் ஃபைட்டேட், குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறது. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட்டைச் சிதைக்கும் நொதி வேலை செய்யத் தொடங்கும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு நாம் ஊற்றும் கூழ் புளித்திருப்பதில் இப்படி ஓர் ஆதாயமும் இருக்கிறது. நம் முன்னோர் இதை அறிந்துதான் செய்தார்கள் என்று சொல்லும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை, புளிப்பு அவர்களுக்குப் பிடித்திருக்கும். வைட்டமின் சி இன்னும் வலிமையானது: இரும்பை உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றுவதோடு, ஃபைட்டேட்டின் பிடியில் அகப்படாமலும் காக்கிறது. ஆனால் அது அதே வேளை உணவில் இருக்கவேண்டும். பீன்ஸ் கறியோடு எலுமிச்சை பிழிந்த தக்காளி சம்பல், அல்லது பயிற்சி உச்சத்தை எட்டும் மாதங்களில் இங்கே மலிவாகக் கிடைக்கும் கொய்யா, இரண்டில் ஒன்று போதும்.

தேநீர் இதற்கு நேர் எதிர். 1975-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரொட்டி, உருளைக்கிழங்கு வெங்காயச் சூப்புடன் சோறு போன்ற உணவுகளோடு தேநீர் அருந்தியபோது இரும்பு உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறைந்தது. தேயிலையின் டானின்கள் இரும்போடு சேர்ந்து கரையாத கூட்டுப்பொருளாகிவிடுகின்றன. (அதே 1975-இல்தான் காம்ரேட்ஸ் ஓட்டம் பெண்களையும் வெள்ளையர் அல்லாதோரையும் முதன்முதலாக அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது.) இதே ஆய்வாளர்களில் முதன்மையானவரான தாமஸ் பாத்வெல் பிற்பாடு எடுத்த முயற்சி நம் சமையலறைக்கே வந்தது. டர்பனில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டுகள், ஃபைட்டேட் எளிதில் பற்றமுடியாத ஒரு வகை இரும்பு கலந்த மசாலாத்தூள் கொடுக்கப்பட்டது. 1989-இல் வெளியான முடிவின்படி, அந்த மசாலாவில் சமைத்து உண்ட பெண்களிடையே இரும்புக்குறை சோகை 22 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. உணவு வகையை ஒருவரும் மாற்றவில்லை. கறி அதே கறிதான்.

எங்களோடு ஓடும் ஒரு தங்கை, சைவம், கடந்த ஆண்டு மேடு ஏறும்போதெல்லாம் கால்கள் ஈயமாகக் கனப்பதாகச் சொன்னாள். அவள் போன மருத்துவமனையில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். உடல் முதலில் சேமிப்பைத்தான் கரைக்கும் என்பதால், ஃபெரிட்டின் வற்றிய பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அதற்கு மாறாக, நெடுந்தூரம் ஓடுபவரின் இரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகுவதால், குறை ஏதும் இல்லாமலே ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகத் தெரிவதும் உண்டு. ஆகவே ஃபெரிட்டினைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். அழற்சி ஃபெரிட்டினையும் உயர்த்திக் காட்டும் என்பதால் நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் பார்க்கக்கூடாது. அவளுக்கு மாத்திரை தேவைப்பட்டது. ஒரு நாள் விழுங்கும் இரும்பு மாத்திரையே மறுநாள்வரை ஹெப்சிடினை உயர்த்திவைப்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் மாத்திரைக்கு மாத்திரை அதிக இரும்பு உட்செல்கிறது. பரிசோதனை இல்லாமல் மாத்திரையை விழுங்குவது வேண்டாத வேலை. மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலிடம் தனி வழி கிடையாது.

பாலும் தயிரும்கூட விலக்கியவர்கள் வைட்டமின் பி12 பற்றித் தனியாக நினைக்கவேண்டும். அது எந்தப் பயறிலும் கீரையிலும் இல்லை. கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை தாமதமாகவே தெரியும். தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் கோதுமை மாவிலும் சோள மாவிலும் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் முதலியவை சட்டப்படி கலக்கப்படுகின்றன, பி12 அந்தப் பட்டியலில் இல்லை. ஃபோலிக் அமிலம் போதுமான அளவில் கிடைக்கும்போது பி12 குறைந்தாலும் சிவப்பணுக்கள் பார்வைக்கு நலமாக இருக்கக்கூடும். நரம்புகள் மட்டும் சேதமாகிக்கொண்டிருக்கும். ஓடுபவர் அதனால் பாதத்தில் வரும் மரமரப்பைக் காலணி இறுக்கம் என்று நினைத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொள்வார்.