டொமைனுக்கு ஃபோல்டர் தெரியாது

சிறு வணிகர்களுக்கு இணையதளம் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். அதில் ஓயாமல் வரும் கோரிக்கை ஒன்று உண்டு. நிறுவனத்தின் பழைய தளத்துக்குள் ‘ஷாப்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு இணையக் கடையை நிறுவியிருப்பார்கள். பிறகு கடைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று புது டொமைன் வாங்குவார்கள். “இதை அங்கே திருப்பிவிட்டால் போதும், ஐந்து நிமிட வேலைதானே?” என்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். முகப்பு திறக்கும், படங்கள் தெரியும், விலை தெரியும். கோளாறு பணம் கட்டும் இடத்தில்தான் தலைகாட்டும். அதுவும் எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும். அதனாலேயே கடைக்காரருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் விற்பனை கசிந்துகொண்டிருக்கும்.

டொமைன் பெயரைக் கொடுத்தால் சர்வரின் எண் முகவரியைச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். அதன் ஏ ரெகார்டில் ஒரு பெயருக்கு நேராக ஓர் ஐபி முகவரியை, அதாவது அந்த எண்ணை, எழுதலாம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஃபோல்டர் பெயர் எழுத இடமே கிடையாது. சர்வரின் வாசல்வரை கொண்டுவிடுவதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்துவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பிரவுசர், தான் எந்தத் தளத்தைத் தேடி வந்திருக்கிறது என்பதை ‘ஹோஸ்ட்’ என்ற வரியில் சொல்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின், 1997-இல் வந்த 1.1 பதிப்பு இந்த வரியைக் கட்டாயமாக்கியது. ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்க முடிவது இதனால்தான். அந்தப் பெயரைப் பார்த்து எந்த ஃபோல்டரைத் திறப்பது என்று முடிவெடுப்பது சர்வரில் ஓடும் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள். அந்த ஃபோல்டருக்குத்தான் ‘டாக்குமெண்ட் ரூட்’ என்று பெயர்.

ஆகவே, டொமைன் விற்றவரின் பக்கத்தில் எவ்வளவு துழாவினாலும் ஃபோல்டரைச் சுட்டும் வழி இருக்காது. அங்கே கண்ணில் படுவது, வருபவரை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ‘ஃபார்வர்டிங்’. அதிலேயே ‘மாஸ்கிங்’ என்று ஒரு வசதி இருக்கும். பழைய முகவரி வெளியே தெரியாமல் புதுப்பெயரே மேலே நிற்கும் என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். இணையக் கடைக்கு இதைப் போல் கெடுதலான ஒன்று கிடையாது என்பது என் கருத்து.

சென்னிமலைப் பெட்ஷீட் விற்கும் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். “கார்ட்டில் போட்டது காணாமல் போகிறது” என்று ஐபோன் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். உரிமையாளர் தன் கணினியில் பயர்ஃபாக்ஸில் பார்த்தார். கார்ட் ஒழுங்காகவே வேலை செய்தது. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தால், புது டொமைனில் கடையே இல்லை. வெற்றுப் பக்கம் ஒன்று, அதற்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டமான ஒரு ஃபிரேம், அந்த ஃபிரேமுக்குள் பழைய தளத்தின் ஷாப் ஃபோல்டர். மேலே ஒரு டொமைன், உள்ளே வேறொரு டொமைன். வந்தவரை அடையாளம் காண ஒரு தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புக்குத்தான் குக்கி என்று பெயர். உள்ளே இருக்கும் தளம் வைக்கும் குக்கி, பிரவுசரின் கண்ணுக்கு மூன்றாம் தரப்புக் குக்கி. அதை சஃபாரி 2020 மார்ச் முதல் முழுமையாகத் தடுக்கிறது. குரோமும் அதே ஆண்டில், தனியாக அனுமதி குறிக்காத குக்கிகளை இப்படி ஃபிரேமுக்குள்ளிருந்து அனுப்புவதை நிறுத்தத் தொடங்கியது. பயர்ஃபாக்ஸ் குக்கியை மேலே நிற்கும் தளத்தின் பெயரில் தனியறை போட்டு வைத்துக்கொள்வதால் கார்ட் பிழைத்தது. குக்கி இல்லாவிட்டால் கார்ட் யாருடையது என்று கடைக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் வாங்க வந்தவர் புது ஆளாகிவிடுகிறார்.

அதோடு நிற்கவில்லை. வங்கிகளின் நெட்பேங்கிங் நுழைவுப் பக்கங்கள் பிறர் ஃபிரேமுக்குள் திறக்க மறுப்பது வழக்கம். மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு அது. ஆகவே பணம் கட்டப் போனவருக்கு வெள்ளைத் திரைதான் தெரிந்தது. இன்னொரு வேடிக்கை: வாடிக்கையாளர் எந்தப் பொருளைப் பார்த்தாலும் மேலே முகப்பு முகவரியே நின்றது. ஒரு போர்வையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெற்றவருக்கு முகப்புதான் திறந்தது. வாட்ஸ்அப்பை நம்பிப் பிழைக்கும் கடைக்கு இது போதாதா?

சரியான வழி கடினமானது அல்ல. ஹோஸ்டிங் கணக்கை, அதாவது தளம் குடியிருக்கும் சர்வர் இடத்தை, நிர்வகிக்கும் சிபேனல் போன்ற பலகையில் புது டொமைனைச் சேர்க்கும்போதே டாக்குமெண்ட் ரூட் எது என்று கேட்கும்; அங்கே ஷாப் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு, டிஎன்எஸ்ஸில் ஐபியை மட்டும் எழுதினால் போதும். கணக்கின் முதன்மை டொமைனையே உள்ஃபோல்டருக்குக் காட்ட வேண்டுமென்றால்தான் சிக்கல். சிபேனலில் அதை நாமாக மாற்ற முடியாது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்க வேண்டும், அல்லது அப்பாச்சி படிக்கும் எச்டிஅக்சஸ் கோப்பில், வரும் கோரிக்கையை உள்ஃபோல்டருக்குத் திருப்பும் ரீரைட் விதி எழுத வேண்டும். விதி எழுதுபவர்கள், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சரிபார்ப்புக்காக வந்து பார்க்கும் ‘வெல்-நோன்’ ஃபோல்டரை அதிலிருந்து விலக்கிவையுங்கள். அந்தச் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 90 நாள்தான். புதுப்பித்தல் தவறினால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருக்கும் ஒரு நாளில் ‘பாதுகாப்பற்ற தளம்’ என்ற எச்சரிக்கை வந்து நிற்கும்.

அடுத்தது, கடை மென்பொருளுக்கே அதன் பெயர் மாறியதைச் சொல்ல வேண்டும். ஓப்பன்கார்ட் என்ற கடை மென்பொருளில் முகவரி இரண்டு கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளில் இருக்கிறது: ஒன்று வெளியே, மற்றொன்று அட்மின் ஃபோல்டரில். இரண்டாவதை மறப்பவர்களே அதிகம். வேர்ட்பிரஸ்ஸின் மேல் ஓடும் வூகாமர்ஸ் கடையில் முகவரி டேட்டாபேஸில் இருக்கும். அதை டேட்டாபேஸுக்கு நேரடியாக இடும் வெறும் எஸ்க்யூஎல் கட்டளையால் எல்லா இடத்திலும் மாற்றாதீர்கள். சில அமைப்புகள் எழுத்துகளின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும். புதுப்பெயரின் நீளம் வேறாக இருந்தால் தீம் அமைப்புகள் உதிர்ந்துவிடும். வேர்ட்பிரஸ்ஸுக்கான டபிள்யூபி-சிஎல்ஐ கருவி அந்த எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தும்.

பணக் கணக்கில் கைவைக்கும் கோளாறு இதற்குப் பின்னால் இருக்கிறது. பணம் வந்ததும், அதை வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வே கடைக்குத் தகவல் அனுப்ப ஒரு வெப்ஹூக் முகவரி பதிவாகியிருக்கும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 ரீடைரக்ட் போட்டாயிற்று, தகவலும் அப்படியே வந்துசேரும் என்று நினைப்பார்கள். வராமல் போகலாம். ரீடைரக்ட்டைப் பின்தொடராமல் விட்டுவிடும் கேட்வேக்கள் உண்டு. பின்தொடர்ந்தாலும் 301-இல், விவரத்தைச் சுமந்து வரும் போஸ்ட் கோரிக்கை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் ஆக மாறி, உள்ளே இருந்த விவரம் வழியிலேயே உதிர்ந்துவிடலாம். விளைவு, வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்திருக்கும். கடையில் ஆர்டர் ‘நிலுவை’ என்றே நிற்கும். அவர் போனில் கத்துவதில் தவறே இல்லை. ஆகவே டொமைன் மாற்றும் நாளிலேயே கேட்வேயின் டேஷ்போர்டில் வெப்ஹூக்கையும், அனுமதிக்கப்பட்ட தள முகவரியையும் திருத்துங்கள். புது முகவரியைச் சரிபார்க்க அவர்கள் சில நாள் எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

மின்னஞ்சலைப் பற்றி ஒரு வரி: ஏ ரெகார்டை மாற்றினாலே போதும் என்னும்போது, டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தையும் வைத்திருக்கும் நேம் சர்வரை மாற்றாதீர்கள். மாற்றினால், அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைப் புது இடத்தில் மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அஞ்சல் நின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் கடை பழைய தளத்தின் ஃபோல்டர் வழியாகவும் திறந்துகொண்டிருக்கும். கூகுள் இரண்டையும் பார்க்கும். எனவே பழைய பாதையிலிருந்து புதுப்பெயருக்கு 301 கட்டாயம். அதைவிடக் கவலைக்குரியது, கடையும் பழைய தளமும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் இருப்பது. யாரும் கவனிக்காத பழைய வேர்ட்பிரஸ் தளத்தின் ஏதோ ஒரு பிளகின் வழியாக நுழைந்தவன், அதே உரிமையோடு கடையின் கான்ஃபிக் கோப்பையும் படிப்பான். டேட்டாபேஸ் கடவுச்சொல் அதில்தான் இருக்கிறது. வெளியுலகுக்குத் திறந்திருக்கும் பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். என்றோ எடுத்த பேக்கப் ஜிப் கோப்பு அங்கே கிடந்தால், அதன் பெயரை ஊகிப்பவர் எவரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். முதலில் அதை அழியுங்கள். முடிந்தால் கடையைத் தனிக் கணக்குக்கே மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றினால் ஃபோல்டருக்குத் திருப்பும் இந்த வேலையே தேவைப்படாது.