மருந்து அடிக்கிறவர் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லும் விதி 37

பூச்சி மருந்தோடு வேலை செய்கிறவர்களை வேலையில் சேர்க்கும் முன்னும், சேர்ந்த பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று நம் நாட்டில் ஒரு விதி இருக்கிறது. 1968ஆம் வருடத்து பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த விதிகளில் 37ஆவது அது. மருந்து தயாரிக்கிற கம்பெனி ஆட்களோடு மருந்து தெளிக்கிறவர்களையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆனால் நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டில் வாழைக்கும் சேரன்மகாதேவிப் பக்கம் நெல்லுக்கும் மருந்து அடிக்கிற ஆட்களிடம் கேட்டால், இப்படி ஒன்று இருக்கிறதா என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்.

இந்தச் சட்டம் வந்ததற்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. 1958இல் கேரளாவில் பாரத்தியான் என்ற பூச்சி மருந்து கலந்துபோன கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பாரத்தியான் ஆர்கனோபாஸ்பரஸ் வகை. குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ், குயினால்பாஸ், அசிபேட் எல்லாம் அந்த வகைதான். வாழைக் குழியில் போடுகிற கார்போபியூரான் குருணை கார்பமேட் வகை. இந்த இரண்டு வகையையும் தயாரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவருக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும், பூச்சி ஒழிப்புக் கம்பெனிகளில் மருந்து அடிக்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று விதி 37 தனியாகவே சொல்கிறது.

கோலினெஸ்டரேஸ் என்பது நம் உடம்பில் நரம்பு சொல்கிற சேதி தசைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சேதியை நிறுத்துகிற நொதி. மருந்து அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், அதனால்தான் எச்சில் ஊறுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண் மங்குகிறது, தசை துடிக்கிறது, முற்றினால் மூச்சே நிற்கிறது. ஆரம்பத்தில் வருவது வெறும் தலைவலியும் கிறக்கமும்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி, காற்றுக்கு எதிரே நடந்து பத்து டேங்க் அடித்து முடித்தவரிடம் கேட்டால் “லேசா கெறக்கமா இருக்கு அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சா சரியாயிரும்” என்பார். வெயிலினால் வந்த கிறக்கமா மருந்தினால் வந்ததா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால் தெரியும்.

இதில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. லேபில் ‘நார்மல்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பினால் போதாது, ஏனென்றால் இந்த நொதி ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். ஒரு லேபின் நார்மல் அளவு 5000 முதல் 12000 வரை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மருந்து தொடாத காலத்தில் 9000 இருந்து, சீசன் நடுவில் 5800 ஆகிவிட்டால், சீட்டில் நார்மல் என்றுதான் வரும், ஆனால் அவருடைய நொதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதனால் குறைந்தது 30 நாள் மருந்து தொடாமல் இருக்கிற சமயத்தில், அதாவது கார், பிசானம் என்கிற நெல் பருவங்களுக்கு வேலை தொடங்கும் முன்பே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவருடைய சொந்த அளவு. பிறகு வருகிறதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட வேண்டும், முடிந்தவரை அதே லேபில். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1974லிருந்தே இப்படிச் செய்கிறார்கள். அங்கே ஒருவருடைய அளவு சொந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை செய்கிற முறையைச் சோதிக்க வேண்டும், சிவப்பணுவில் பார்த்த அளவு 70க்கோ அதற்குக் கீழேயோ வந்தால் அந்த வேலையிலிருந்தே விலக்கி வைக்க வேண்டும்.

பரிசோதனையிலும் இரண்டு உண்டு. சீரத்தில், அதாவது ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரில் பார்ப்பது சீக்கிரம் குறையும், சில வாரங்களில் ஏறிவிடும், கல்லீரல் கெட்டிருந்தாலும் குறைவாகக் காட்டும். சிவப்பணுவில் பார்ப்பதுதான் நரம்பில் நடப்பதை நெருக்கமாகச் சொல்லும், ஆர்கனோபாஸ்பரஸ் பட்டால் அது பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். கார்பமேட் கதை வேறு. குருணை போட்டவருக்கு நொதி சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில் பழையபடி ஆகிவிடும், அடுத்த வாரம் போய் ரத்தம் கொடுத்துப் பயனில்லை, அன்றைக்கே கொடுக்க வேண்டும். இமிடாகுளோபிரிட், சைபர்மெத்ரின் போன்ற வேறு வகை மருந்துகள் இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. ஆகவே முதலில் டப்பாவில் என்ன பெயர் என்று படியுங்கள், டப்பாவைப் போட்டோ எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கிற துண்டுச்சீட்டில் விஷ முறிவு மருந்து எது என்றும் போட்டிருக்கும், அதைக் கிழித்துப் போட வேண்டாம். தலைசுற்றலோடு வாந்தியும் எச்சிலும் வந்தால் 108ஐக் கூப்பிட்டு, டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பறவைகளுக்கும் இதே நொதிதான், இதே விஷம்தான். குருணையைத் தானியம் என்றோ மணல் என்றோ நினைத்துக் கொத்துகிற பறவை அந்த இடத்திலேயே விழும். இதனால்தான் அமெரிக்காவில் கார்போபியூரான் குருணையைப் பெரும்பாலான பயிர்களுக்கு 1990களிலேயே நிறுத்தினார்கள். நம்ம பக்கம் வயலுக்கு வயல் மயில் திரிகிறது, கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகள் சுற்றியிருக்கிற குளத்திலும் வயலிலும்தான் இரை எடுக்கின்றன. ஓரிடத்தில் நாலைந்து மயில் சேர்ந்து செத்துக் கிடந்தால் புதைத்துவிடாதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் உடற்கூறு செய்து இரைப்பையில் இருப்பதைச் சோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்து என்று தெரிந்துவிடும். அதே வயலில் மருந்து அடித்த ஆளுக்கும் அது ஒரு எச்சரிக்கை.

சரி, யாரிடம் கேட்பது? முதலாளி யார் என்று தெளிவாக இருக்கிற இடத்தில் கேட்பது சுலபம். வீடு, ஹோட்டல், குடோன் என்று மருந்து அடிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், கொசு ஒழிப்பு வேலையில் தொட்டி தொட்டியாக அபேட் ஊற்றுகிறவர்கள் (அபேட் என்கிற டெமிபாஸும் ஆர்கனோபாஸ்பரஸ்தான்), புகை அடிக்கிற வேலையில் மாலத்தியான் கலக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் பரிசோதனை செய்து வைக்க வேண்டியது வேலை கொடுக்கிறவர் பொறுப்பு. கையுறை, முகமூடி, பாதுகாப்பு உடை, வேலைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அதே விதிகளில் இடம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை ஏற்க வேண்டியதில்லை.

இன்றைக்கு ஒரு வயல், நாளைக்கு ஒரு வயல் என்று கூலிக்கு அடிக்கிறவருக்குத்தான் கஷ்டம். யார் செலவு செய்ய வேண்டும் என்று வயலில் யாரும் பேசுவதில்லை, மருந்துக் காசு கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு இடமே இல்லை. இது என் மனதை உறுத்துகிற விஷயம், ஏனென்றால் அதிகமாக மருந்து படுகிறவர் அவர்தான். சங்கமாகவோ ஊராகவோ சேர்ந்து போனால்தான் வழி பிறக்கும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை நடக்கிற குறைதீர்க்கும் நாளிலோ மாதாந்தர விவசாயிகள் கூட்டத்திலோ மனு கொடுங்கள். பருவத்துக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போன்ற இடத்தில் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கூடவே ஆட்களை வைத்து மருந்து அடிக்கிற அரசு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடலாம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வியை இப்படிச் சுருக்கமாக வையுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் உங்கள் அலுவலகத்தில் பூச்சி மருந்தோடு வேலை செய்தவர்கள் எத்தனை பேர், என்னென்ன மருந்து, அவர்களில் எத்தனை பேருக்கு விதி 37 படி கோலினெஸ்டரேஸ் பார்க்கப்பட்டது, எந்தெந்தத் தேதியில், அந்தப் பதிவேட்டின் நகல், ஆட்களின் பெயரை மறைத்து.