ஒரே தொட்டியில் இரண்டு வேலை

ஜப்பானின் அரிசி மதுவான சாக்கேயைப் பூஞ்சை வழி தயாரிக்கும் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது: “திராட்சை இனிக்கும், ஒயின் ஆகும். அரிசியில் ஏது சர்க்கரை?”

நியாயமான கேள்வி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் தரும். அரிசியில் இருப்பதோ ஸ்டார்ச். அது ஈஸ்ட்டின் வாய்க்கு அடங்காது. பீருக்கு பார்லியை முளைகட்டி, முளையின் நொதிகளால் ஸ்டார்ச்சை முதலில் சர்க்கரையாக்குவார்கள். ஈஸ்ட் அப்புறம்தான். தீட்டிய அரிசி முளைக்காதே! அங்கேதான் கோஜி பூஞ்சை வருகிறது. நிலக்கடலையை நஞ்சாக்கும் பூஞ்சைக்கு நெருங்கிய உறவு, ஆனால் நஞ்சு தராத சாது.

கியோத்தோவின் புஷிமியில் ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். காலையில் நாத்தோ சாப்பிட்டுவிட்டு வராதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அந்தச் சோயா பதார்த்தத்தின் பாக்டீரியா உடையில் ஒட்டி உள்ளே போனால் கோஜி பாழ். உள்ளங்கையில் கொஞ்சம் கோஜி அரிசி வைத்தார்கள். ஒவ்வொரு பருக்கையிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மென்றால் இனிக்கிறது. அரிசியைத் தண்ணீரில் வேகவைக்காமல் ஆவியில் அவிக்கிறார்கள். வெளியே உலர்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும். ஈரத்தைத் தேடிப் பூஞ்சை இழை பருக்கைக்குள் இறங்குகிறது, போகிற வழியெல்லாம் நொதியைச் சுரக்கிறது. இதற்கு இரண்டு நாள் ஆகும்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். கோஜி, சோறு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒரே தொட்டியில். நொதி ஒரு பக்கம் சர்க்கரையை அவிழ்த்துவிட, ஈஸ்ட் அதை உடனுக்குடன் தின்று தீர்க்கிறது. மொத்தச் சர்க்கரையையும் முதலிலேயே கொட்டினால் ஜாம் மாதிரிதான். ஈஸ்ட் செல்லிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது முடங்கிவிடும். இங்கே பசிக்கு ஏற்ற பந்தி. அதனால்தான் காய்ச்சி வடிக்காமலே ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி ஏறுகிறது. பெரும்பாலும் தண்ணீர் கலந்து 15, 16-க்கு இறக்கியே விற்கிறார்கள்.

சோற்றையும் ஒரேயடியாகப் போடுவதில்லை. நான்கு நாளில் மூன்று தவணை. இரண்டாம் நாள் எதுவும் சேர்க்காமல் ஈஸ்ட்டைப் பெருகவிடுவார்கள். அந்த நாளின் பெயர் ‘ஒதோரி’, அதாவது நடனம். இப்படிப் பெயர் வைத்தவர்களே, பெண்கள் உள்ளே வந்தால் சாக்கே கெட்டுவிடும் என்று நெடுங்காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள்! கெடுக்கிற பாக்டீரியாவுக்கு ஆண், பெண் என்ற கணக்கே கிடையாது. இன்று பெண்களே தலைமைச் சாக்கே தயாரிப்பாளர்களாக இருக்கிறார்கள்.

கடைசியில் சுவை பார்க்க மூன்று சின்னக் கிண்ணங்கள். முதலிரண்டும் சாதாரணம். மூன்றாவது தாய்கின்ஜோ, பருக்கையில் பாதியாவது தீட்டி நீக்கிய அரிசியில் செய்தது. மூக்கருகே கொண்டுபோனதும் ஆப்பிள் வாசனை! தொட்டியில் ஆப்பிள் எதுவும் போடவில்லை. 10 டிகிரியை ஒட்டிய குளிரில், வாரக்கணக்கில் மெதுவாக வேலை பார்த்த ஈஸ்ட் விட்டுப்போன எஸ்டர் என்ற மணப்பொருள்தான் அது.