எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது?

"ஒன்றாக இருக்கும்போது வலிக்கிறது" என்று, அதாவது உடலுறவின்போது வலி என்று, நேரடியாகச் சொல்லிக்கொண்டு டாக்டரான என்னிடம் வருபவர்கள் குறைவு. வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலி, கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் ஒன்றும் தங்கவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நானாகக் கேட்டால்தான் விஷயம் வரும். வந்ததும் கூடவே இதுவும் வரும்: "போகப் போகச் சரியாயிடும்னு அம்மா சொன்னாங்க."

எல்லா வலியும் போகப் போகச் சரியாகிவிடாது. எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகளிலேயே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பெண்ணுறுப்பின் நுழைவாயிலிலேயே எரிச்சலும் அரிப்பும் என்றால் பூஞ்சைத் தொற்று இருக்கலாம். அது அடிக்கடி வந்தால் சர்க்கரையையும் பார்ப்பேன். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உறுப்பு வறண்டுபோகும். ஆழத்தில் இடிப்பதுபோல் வலித்து, மாதவிடாய் நாட்களில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் எண்டோமெட்ரியோசிஸா (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்று பார்க்க வேண்டும். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் வலி இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள், கருப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

புதிதாகத் திருமணமானவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது வஜைனிஸ்மஸ். "உள்ளேயே போகமாட்டேங்குது டாக்டர்" என்பார் கணவர். மனைவி தலை நிமிரமாட்டார். கண்ணருகே விரலைக் கொண்டுபோனால் இமை தானாக மூடிக்கொள்கிறதே, அதுபோல பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் அவர் கேட்காமலே இறுகிக்கொள்கின்றன. அவர் ஒத்துழைக்காமல் இல்லை, கணவரிடமும் குறை இல்லை. இதைச் சொன்னதும் சிலர் அழுதுவிடுவார்கள். இது தெரியாமல் குழந்தைக்காக ஸ்கேன், மாத்திரை, ஊசி என்று அலைந்து, உறவே நடக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் வந்தவர்கள் உண்டு.

சிகிச்சை இருக்கிறது, பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. முதலில் உறவு முயற்சியைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வேன். மூச்சை விட்டுத் தசையைத் தளர்த்தும் பயிற்சி, பிசியோதெரபி, அப்புறம் தன் விரல், பிறகு சின்ன அளவிலிருந்து டைலேட்டர், அதாவது உள்ளே வைத்துப் பழகுவதற்கான வழவழப்பான குழல் போன்ற கருவி. வேகத்தை அவர்தான் தீர்மானிப்பார். "ஆபரேஷன் பண்ணித் திறந்துவிடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. வஜைனிஸ்மஸுக்குக் கத்தி தீர்வல்ல. வறட்சிக்குத் தடவும் தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஆணுறையோடு அது வேண்டாம், ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் நைந்து கிழிந்துவிடலாம். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கு ஜெல் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

பலரைத் தடுப்பது உள்பரிசோதனை பற்றிய பயம். முதல் நாளே அது கட்டாயமில்லை, பேசிவிட்டுப் போகலாம். பரிசோதிக்கும்போதும் நீங்கள் கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும். தொடங்கும் முன்பே டாக்டரிடம் அப்படிச் சொல்லிவையுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமென்றால் எங்கே, எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.