வெளிநாட்டில் தங்கும் வீட்டாருக்குக் கனடா சமையல்: முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

டொராண்டோவில் உணவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம், படிக்கவோ மாணவர் பரிமாற்றத் திட்டத்திலோ வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: "தங்கப்போகும் வீட்டாருக்கு ஒருநாள் நம் கனடா சாப்பாடு சமைத்துப் போட வேண்டும். என்ன செய்யலாம்?" பூட்டீன் (வறுத்த உருளைக்கிழங்கின் மேல் சீஸும் கிரேவியும்), டூர்டியேர் (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது), பட்டர் டார்ட் (வெண்ணெயும் சர்க்கரையும் நிறைத்த சிறு இனிப்பு) என்று ஒரு பட்டியலை அவர்களே யோசித்து வைத்திருப்பார்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதைத் தொடமாட்டார்கள், சமையலறையில் என்ன இருக்கிறது? இது தெரியாமல் எந்தப் பதார்த்தத்தையும் முடிவு செய்யாதீர்கள்.

கனடாவின் பழைய சமையலில் பன்றிக்கொழுப்பு எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கும். கியூபெக் மாகாணத்தில் கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்குச் செய்யும் டூர்டியேரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது கொத்திய பன்றியிறைச்சி என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக ஹலால் கோழிக்கறியை வைத்துவிட்டால் முஸ்லிம் வீட்டிலும் பரிமாறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேல்மாவையே பழைய முறையில் லார்ட் எனும் பன்றிக்கொழுப்பு சேர்த்துத்தான் பிசைவார்கள். பட்டர் டார்ட்டின் மாவிலும் பல வீடுகளில் அதுதான். பூட்டீன் வெறும் உருளைக்கிழங்கும் சீஸும்தானே என்று சைவக் குடும்பத்துக்குச் செய்யக் கிளம்புகிறவர்களும் உண்டு. மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் மாட்டு எலும்பிலோ கோழி எலும்பிலோ எடுத்த சாறு. சீஸ் செய்யப் பாலைத் திரிக்கும் ரெனெட்டும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வந்ததாக இருக்கலாம். வனிலா எக்ஸ்ட்ராக்டில் ஆல்கஹால் உண்டு, மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு இது தெரியவந்தால் அந்த வீட்டாருக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வாமை இன்னும் அவசரமான விஷயம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நனைமோ பார் என்ற அடுக்கு இனிப்பை அடுப்பில் பேக் செய்ய வேண்டியதில்லை என்பதால் மாணவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதன் அடியடுக்கில் வாதுமையோ வால்நட்டோ, கூடவே முட்டையும் இருக்கும். போவதற்கு முன்பே நிலக்கடலை, வாதுமை, வால்நட் போன்ற கொட்டை வகைகள், எள், கடுகு, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை என்று பெயர் சொல்லி, அவர்கள் மொழியிலேயே எழுதிக் கேளுங்கள். "எதுவும் சாப்பிடக்கூடாதா?" என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்காக "எல்லாம் சாப்பிடுவோம்" என்றுதான் பதில் வரும்.

பூட்டீனை நான் பரிந்துரைப்பதில்லை. 1950களில் கியூபெக்கின் பால்பண்ணைப் பகுதிகளில் உருவான பண்டம் அது. கடித்தால் பல்லில் கீச்சிடும் புதிய சீஸ் கட்டிகள்தான் அதன் உயிர். ஓரிரு நாளில் அந்தக் கீச்சொலி போய்விடும். வெளிநாட்டில் மொசரெல்லாவைத் தூவிச் செய்தால் அது வேறு ஏதோ ஒன்று.

நான் முதலில் சொல்வது கியூபெக்கின் மஞ்சள் பட்டாணி சூப். முழுப் பட்டாணியை இரவே ஊறவைத்து, வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலையோடு பட்டாணி கரையும்வரை மெல்லிய தீயில் வேகவிட வேண்டும். வழக்கமாக உப்பிட்ட பன்றியிறைச்சி ஒரு துண்டு போடுவார்கள். அதை எடுத்துவிட்டாலும் சூப் நிற்கும், ருசியைத் தாங்குவது பட்டாணிதான். வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கிச் சேர்த்தால் போதும். பட்டாணி ஏற்றுமதியில் கனடா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. அது அதிகம் விளைவது சஸ்காச்சுவன் மாகாணத்து வயல்களில்தான்.

தொட்டுக்கொள்ள பேனக் ரொட்டி. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, கொழுப்பு, தண்ணீர், அவ்வளவுதான். லார்டுக்குப் பதில் எண்ணெய் சேர்த்து, தட்டையாகத் தட்டி, வாணலியில் மூடிபோட்டு இருபுறமும் சுடலாம். முட்டை, பால், ஈஸ்ட், ஓவன் எதுவும் தேவையில்லை. கனடாவின் மாவு புரதம் கூடியது, தண்ணீரை அதிகம் குடிக்கும். வெளியூர் மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுங்கள். பரிமாறும்போது அது யாருடைய ரொட்டி என்பதையும் சொல்லுங்கள். வேட்டை நிலங்களை இழந்த முதற்குடி மக்களுக்கு அரசு ரேஷனாகக் கொடுத்த மாவிலும் கொழுப்பிலும் அவர்கள் வாழ்ந்த காலம் அதில் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு "எங்கள் ஊர் ரொட்டி" என்று மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

முட்டையும் பாலும் சாப்பிடுகிற, ஓவன் உள்ள வீடென்றால் இனிப்புக்குப் பூடிங் ஷோமர். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கியூபெக்கில் பிறந்த ஏழைகளின் இனிப்பு. கேக் மாவின் மேல் கொதிக்கக் கொதிக்க மேப்பிள் சிரப்பும் கிரீமும் ஊற்றுவோம். பார்த்தால் கெட்டுப்போனது மாதிரி இருக்கும், கிளறிவிடாதீர்கள். வேக வேக மாவு மேலே எழும்பி, சிரப் அடியில் தங்கிக் குழம்பாகிவிடும். ஒரு மேசைக்கரண்டி சிரப்பிலேயே சுமார் 12 கிராம் சர்க்கரை இருக்கிறது. வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் இதை விட்டுவிட்டுப் பழங்களை வையுங்கள்.

அளவுகளிலும் கவனம் வேண்டும். கனடாவின் கப் 250 மில்லி, ஜப்பானில் 200 மில்லி. ஜப்பானில் பல வீடுகளில் பெரிய ஓவனும் இருக்காது. நம் குறிப்புகளில் 350 டிகிரி என்றிருப்பது ஃபாரன்ஹீட், செல்சியஸில் ஏறக்குறைய 175.

பெட்டியில் எடுத்துப்போக மேப்பிள் சிரப் போதும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், அதனால் டின்னைப் பெரிய பெட்டியில் வையுங்கள். சீஸும் இறைச்சியும் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியம் கனடாவிலிருந்து வரும் பயணிகளிடம் இரண்டையும் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியா போகிறவர்கள் எந்த உணவுப்பொருளையும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள்.

அப்புறம், மிஞ்சிய சூப்பைப் பெரிய பாத்திரத்திலேயே இரவு முழுக்க அடுப்பில் விட்டுவைக்காதீர்கள். சிறு பாத்திரங்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கெட்டியாக உறைந்திருக்கும். வெந்நீர் விட்டுக் கரைத்து, நன்றாகக் கொதித்த பிறகு பரிமாறுங்கள்.